சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: முதலில் வெங்காயத்தை விசாரித்து வாங்குங்கள்

ஊரிலிருந்து வந்து இறங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு வணக்கம். விசா, வங்கிக் கணக்கு, வாடகை வீடு பற்றியெல்லாம் மற்றவர்கள் விவரமாகச் சொல்லிவிட்டார்கள். நான் அடுப்படியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பெரம்பலூரில் பிறந்து, திருமணமாகி, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இந்த ஊருக்கு வந்தேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போ நகருக்கு வடக்கே இருக்கும் தோட்டப்புற ஊர் இது. ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர் மரங்கள். இப்போது பெரும்பாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளான லயன் வீடுகளை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் இன்று தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளில் வசிக்கின்றன. பேசத் தமிழர்கள் இருக்கிறார்கள், கும்பிடக் கோயில் இருக்கிறது. ஆனாலும் வந்த புதிதில் வாய்க்கு எதுவுமே பிடிக்காது. மூன்று வேளையும் கடையில் சாப்பிட்டால் கையிருப்பும் கரையும், வயிறும் கெடும். வெங்காயத்தை ஒழுங்காக வாங்கி வதக்கத் தெரிந்தால் போதும், பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

சின்ன வெங்காயம் விளையும் மாவட்டத்துப் பெண் நான். வந்த வாரமே சீனர் மளிகைக் கடையில் போய் "பாவாங்" என்று கேட்டேன். மலாயில் வெங்காயத்துக்கு அதுதான் பெயர். கடைக்காரர் நான்கு கூடைகளைக் காட்டி எது வேண்டும் என்றார். எனக்குத் தெரியவில்லை. பெரிதாக, பளபளப்பாக இருந்ததை அள்ளிக்கொண்டு வந்து சாம்பார் வைத்தேன். வெங்காயம் கரைந்து, சாம்பார் இனித்துக் கிடந்தது. அது ஹாலந்து வெங்காயம். பழுப்பு மஞ்சள் தோல், தண்ணீர்ச் சத்து அதிகம், காரம் குறைவு. தயிர்ப் பச்சடிக்கும் ஆம்லெட்டுக்கும் அருமையாக இருக்கும். குழம்புக்கு ஆகாது.

பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். பாவாங் மேரா என்றால் சிறிய சிவப்பு வெங்காயம். பாவாங் பெசார் என்றால் பெரிய வெங்காயம். அதில் இந்தியாவிலிருந்து வருவது வேண்டுமென்றால் 'பாவாங் இந்தியா' என்று சொல்லிக் கேளுங்கள். பாவாங் பூத்தே என்பது வெங்காயமே அல்ல, பூண்டு. இவை எல்லாவற்றையும்விட நமக்கு முக்கியமானது பாவாங் ரோஸ். தட்டை உருண்டையாக, கருஞ்சிவப்பாக, கையில் எடுத்தாலே நெடி அடிக்கும். பெங்களூரு, கோலார், சிக்கபல்லாபூர் பக்கம் விளைகிற வெங்காயம் அது. அங்கே உள்ளூரில் சாப்பிடுவதைவிட மலேசியா, சிங்கப்பூர் பக்கம் கப்பலேறுவதுதான் அதிகம். 2015-இல் புவிசார் குறியீடும் பெற்றது. நம் சின்ன வெங்காயத்தின் சுவை அச்சாக இதில் வராது. ஆனால் புளிக்குழம்பில் முழுதாகப் போட்டால் உடையாமல் நிற்கும், கடித்தால் சாறு இறங்கும். தாய்லாந்து சின்ன வெங்காயம் கிடைத்தால் அதையும் விடாதீர்கள். சட்னிக்கு நான் அதைத்தான் தேடுவேன்.

ஒரே வகையை நம்பியும் இருக்காதீர்கள். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 2024 மே மாதம்தான் தடையை நீக்கியது. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் கிடைத்த வெங்காயத்தைக் கொண்டுதான் சமைத்தோம். ஹாலந்து வெங்காயத்தையும் தண்ணீர் சுண்டும்வரை பொறுமையாக வதக்கி, புளியைக் கொஞ்சம் தூக்கலாக விட்டால் குழம்பு தேறிவிடும் என்று அப்போதுதான் கற்றேன்.

மூட்டையாக வாங்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். மலிவாகக் கிடைத்ததே என்று ஐந்து கிலோ வாங்கி, பிளாஸ்டிக் பையோடு அடுப்புக்குக் கீழே வைத்தேன். பத்தே நாளில் பாதி முளைவிட்டது, மீதியில் தோலுக்கடியில் கரித்தூள் மாதிரிப் பூஞ்சணம். நம் ஊர் வெயிலில் காய்ந்த திண்ணை வேறு. பிற்பகலானால் மழை கொட்டும் இந்த ஊரின் ஈரக்காற்று வேறு. "ஸ்தெங்ஙா கிலோ" என்றால் அரைக் கிலோ. வாரத்துக்கு அது போதும். மூங்கில் கூடையிலோ வலைப்பையிலோ காற்று படும்படி வையுங்கள். உருளைக்கிழங்கோடு சேர்த்து வைக்க வேண்டாம். மேல் தோலில் மட்டும் கறுப்பு இருந்தால் அந்த அடுக்கை உரித்து எறிந்து, கழுவிப் பயன்படுத்தலாம். உள்ளே பரவியிருந்தாலோ, அழுகல் வாடை வந்தாலோ முழுதையும் போட்டுவிடுங்கள்.

கூடை யோசனை பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னது. பால் மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிய கை அவருடையது. வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால், விடியும் முன்பே சோறு கட்டிக்கொண்டு கிளம்பிய காலம் அது. "வெங்காயத்தை வதக்கிச் சோற்றில் கொட்டிப் பிசைந்து கட்டுவேன், அம்மா. மத்தியானம்வரை கெடாது" என்பார். என் குழம்பை முதல் முறை ருசி பார்த்துவிட்டு, "அவசரப்பட்டு இறக்கிவிட்டாய். வெங்காயம் இன்னும் பச்சையாகப் பேசுகிறது பார்" என்றார். அதன் பிறகு என்னை நகர விடாமல் பக்கத்தில் நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

அவர் சொல்லித் தந்தபடி: கால் கிலோ ரோஸ் வெங்காயத்தை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும், கண்ணும் அதிகம் எரியாது. நான்கு கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயத்தை முழுதாகப் போட்டு ஒரு சிட்டிகை உப்பு. தீ சிறிதாக இருக்கட்டும். முதலில் தண்ணீர் விட்டுச் சலசலக்கும். பிறகு சத்தம் அடங்கும். ஓரம் பொன்னிறமாகி, தோசைக் கல்லில் சர்க்கரை பட்டது போன்ற வாசனை வரும். இதற்கு இருபது நிமிடம் பிடிக்கும். அதற்கு முன் புளியை ஊற்றாதீர்கள். புளி விழுந்த பிறகு வெங்காயம் மெத்தென்று வேகவே வேகாது. பிறகு இரண்டு கரண்டி மீன் கறித்தூள். ஆமாம், மீன் இல்லாத குழம்புக்குத்தான். சாம்பார்ப் பொடி எல்லாக் கடையிலும் இருக்காது, இது இருக்கும். புளிக்குழம்புக்கு நன்றாகவே பொருந்துகிறது. தூளை எண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டி, எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, எண்ணெய் மிதக்கும்வரை கொதிக்க விடுங்கள். இரண்டாம் நாள்தான் இது ருசி.

நல்லெண்ணெய் என்றதும் ஓர் எச்சரிக்கை. சீனர் கடையில் கரும்பழுப்பாக இருக்கும் எள்ளெண்ணெய் நம் நல்லெண்ணெய் அல்ல. அது வறுத்த எள்ளில் ஆட்டியது. சமைத்து முடித்தபின் வாசனைக்காகச் சில சொட்டு விடுவது. அதில் தாளித்தால் குழம்பே கெட்டுவிடும். தமிழர் மளிகைக் கடையில் பார்த்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் செம்பனை எண்ணெயே போதும்.

மலாய்க்காரத் தோழி ஒருவர் நெத்திலிச் சம்பல் செய்து காட்டியபோது எனக்கு ஓர் ஆச்சரியம். ஊறவைத்த காய்ந்த மிளகாயையும் வெங்காயத்தையும் அரைத்து எண்ணெயில் வதக்கினார். நான் போதும் என்று நினைத்த இடத்தில் தலையசைத்து, "பெச்சா மிஞ்ஞாக்" என்றார். எண்ணெய் பிரிந்து மேலே வர வேண்டும் என்று பொருள். எங்கள் பாட்டி சொன்ன அதே பேச்சு! பொரித்த நெத்திலியைக் கடைசியில் போட்டுப் புரட்டி இறக்கினார். சோற்றுக்கும் ஆகும், தோசைக்கும் ஆகும்.

மிக்சியை ஊரிலிருந்து கொண்டு வந்திருந்தால் கவலை வேண்டாம், மின்சாரம் ஒத்துப்போகும். இங்கே பிளக் மட்டும் தட்டையான மூன்று முனை கொண்டது, அதற்கு ஏற்ற அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

கறிவேப்பிலையைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். தமிழர் வீட்டு வாசலில் பெரும்பாலும் ஒரு செடி நிற்கும். கேட்டால் மறுக்க மாட்டார்கள், கேட்காமல் கை வைத்தால்தான் வருந்துவார்கள். எங்கள் வாசல் மரத்திலும் நிறைய இருக்கிறது. விளக்கு வைத்த பிறகு பறிக்கக் கூடாது என்பது பாட்டியின் கட்டளை, அதனால் மாலை ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள்.