கார்த்தி வண்டிக்கு 18,000 ரூபாய் சஸ்பென்ஷன் வேணுமா?

*குழு: ஆனைமலை வீடு*
*2024 அக்டோபர் 19, சனி*

*கார்த்தி:* மாமா, டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 பைக் புக் பண்றேனுங்க. தீபாவளிக்கு முன்ன டெலிவரி. டைனமிக் கிட்டுக்குத் தனியா 18,000 சொல்றாங்க. திங்கக்கிழமைக்குள்ள முடிவு சொல்லணும். போடலாமுங்களா?

*அம்மா:* 18,000மா? வண்டியோட வராதா கண்ணு?

*கார்த்தி:* சாதா சஸ்பென்ஷன், அதான் குலுக்கலைத் தாங்கற ஸ்ப்ரிங் செட்டு, வருமும்மா. இது முன் ஃபோர்க், பின் ஷாக் ரெண்டையும் நாமளே திருகி நமக்குத் தக்க வெச்சுக்கறது. செயினுக்குப் பித்தளை கோட்டிங், டயர் காத்து எவ்வளவுன்னு மீட்டர்லயே காட்டும். ஃபேக்டரியிலயே மாட்டி வந்துரும்.

*பிரவீன்:* போட்டுருடா. 2.75 லட்சத்துல ஆரம்பிக்கற வண்டிக்கு இது பெருசா? பொறவு வெளிய மாத்துனா வாரண்டி தகராறு வேற.

*குமரேசன் மாமா:* இப்பத்தான் ஒர்க்‌ஷாப்புல கை கழுவிட்டு வந்தேன். உன்ற எடை என்ன கண்ணு? பின்னாடி ஆள் ஏத்துவியா? எங்கெங்க ஓட்டுவ?

*கார்த்தி:* 71 கிலோங்க மாமா. பெரும்பாலும் தனியாத்தான். தினம் பொள்ளாச்சி வரைக்கும். மாசம் ஒருக்கா வால்பாறை. வருஷத்துல ஒரு தடவையாச்சும் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேல ட்ராக் டே, அதான் ரேஸ் ட்ராக்குல நம்ம வண்டியை ஓட்டற நாள், போகணும்னு ஆசை.

*குமரேசன் மாமா:* அதுல திருகறது மூணு. ப்ரீலோட், கம்ப்ரஷன், ரீபவுண்ட். ப்ரீலோட் ஸ்ப்ரிங்கைக் கெட்டியாக்கும்னு எல்லாரும் நெனைக்கறாங்க. இல்ல. நீ ஏறி உக்காந்தா வண்டி எவ்வளவு அமுங்குதுங்கறதை மட்டுந்தான் மாத்தும். கம்ப்ரஷன், பள்ளத்துல அமுங்கற வேகம். ரீபவுண்ட், அமுங்குனது நிமிர்ற வேகம்.

*குமரேசன் மாமா:* ஆள் தப்பு பண்றது இந்த ரீபவுண்ட்லதான். ரொம்ப இறுக்கிட்டா, அடுத்தடுத்து மேடு பள்ளம் வரையில ஷாக் நிமிர்றதுக்குள்ள மறு அடி விழும். வண்டி கொஞ்சங் கொஞ்சமா கீழயே தங்கிரும். சக்கரம் ரோட்டை விட்டுத் துள்ளும்.

*குமரேசன் மாமா:* எனக்கே நடந்திருக்கு. என்ற பழைய வண்டிக்கு ஒரு கடையில விலை கூடுன ஷாக் மாட்டி, "கெட்டியா இருந்தாத்தான் வளைவுல நிக்கும்"னு எல்லாத்தையும் கடைசி வரை இறுக்கிக் குடுத்துட்டாங்க. ஆழியாறுல இருந்து ஏறையில, 9-வது வளைவு, லோம்ஸ் வியூ கிட்ட. கொஞ்சம் சல்லி கெடந்துச்சு. பின் சக்கரம் துள்ளி அரை அடி வெளிய போயிருச்சு. எதுக்க பஸ் வரலை. வந்திருந்தா அவ்வளவுதான்.

*அம்மா:* தம்பி! இத்தனை வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ!

*குமரேசன் மாமா:* சொன்னா அன்னைக்கே வண்டியை விக்கச் சொல்லியிருப்பீங்கக்கா.

*வித்யா:* கார்த்தி, அதே விலைப் பட்டியல்ல டைனமிக் ப்ரோன்னு ஒண்ணு இருக்கே, அது என்ன?

*கார்த்தி:* அது 16,000க்கா. வளைவுல சாஞ்சிருக்கையில பிரேக் புடிச்சா, சாய்வைக் கணக்குப் பண்ணி ஏபிஎஸ் (பிரேக்குல சக்கரம் லாக் ஆகாமப் பாத்துக்கறது) வேலை செய்யும். ட்ராக்‌ஷன் கண்ட்ரோலும் (பின் சக்கரம் வழுக்கிச் சுத்தாமப் பாத்துக்கறது) அப்படித்தான்.

*வித்யா:* இதை விட்டுட்டு அதையா கேட்டுட்டு இருக்க? வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. நீ மழையிலயும் போற ஆளு.

*குமரேசன் மாமா:* வித்யா சொல்றது சரி. ரெண்டுல ஒண்ணுதான்னா ப்ரோவை எடு. திடீர்னு யானை நின்னா நீ யோசிக்காமப் பிரேக்கை அமுக்குவ. அப்ப அது கை குடுக்கும். 71 கிலோ, தனி ஆளுன்னா கம்பெனி செட்டிங்கே உனக்குப் பொருந்தும். 95 கிலோன்னாலோ, தினம் ஆள் ஏத்தறன்னாலோ கண்ணை மூடிட்டுக் கிட்டைப் போடுன்னு சொல்லியிருப்பேன்.

*பிரவீன்:* ட்ராக் போறானுங்களே மாமா?

*குமரேசன் மாமா:* மாசாமாசம் போனா போடட்டும். ஒவ்வொரு தடவையும் ரெண்டு க்ளிக் திருகி மாத்தி, நோட்டுல எழுதி வெச்சு ஓட்டுனாத்தான் அந்தக் காசுக்கு அர்த்தம். வருஷம் ஒரு நாளுக்கு வேண்டாம்.

*குமரேசன் மாமா:* என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். நாளைக்கு டெஸ்ட் ரைடுல அவங்க கிட்டக் கேட்டுட்டு, ஃபோர்க்கோட கீழ்ப் பளபளக் குழாய்ல ஒரு கேபிள் டை கட்டு. கீறாத அளவுக்கு லேசா. மேல ரப்பர் சீலோட ஒட்டித் தள்ளி விடு. ரெண்டு வேகத்தடை ஏறி இறங்கு, ஒருக்கா நல்லாப் பிரேக் புடி. டை எவ்வளவு இறங்கியிருக்குன்னு பாரு. அடி வரைக்கும் போயிருந்தா உனக்கு அந்த ஸ்ப்ரிங் பத்தாது. பாதி கூட வரலைன்னா ரொம்பக் கெட்டி.

*அக்டோபர் 20, ஞாயிறு*

*கார்த்தி:* 📷 ஃபோட்டோ
மாமா, டை முக்காவாசிக்குப் பக்கத்துல நிக்குதுங்க. வேகத்தடையிலயும் டக்குனு ஒரே தடவைல நின்னுருச்சு, ஆடலை.

*குமரேசன் மாமா:* இது போதும் கண்ணு. டயரும் மிஷலின் ரோடு 5, ஈரத்துலயும் நல்லாப் புடிக்கும்.

*கார்த்தி:* அப்ப ப்ரோ மட்டும் சொல்லிட்டேனுங்க. கிட்டுக்கு வெச்ச 18,000ல ஜாக்கெட், கிளவுஸ், பூட்ஸ்.

*அம்மா:* அதை மொதல்ல வாங்கு. வண்டி எடுத்தா நேரா மாசாணியம்மன் கோயிலுக்கு வந்துட்டுத்தான் வேற பக்கம்.

*குமரேசன் மாமா:* கிட் இல்லாததால மீட்டர்ல காத்து காட்டாது. நல்ல கேஜ் ஒண்ணு வாங்கி வெச்சுக்க. டெலிவரிக்கு நானும் வர்றேன், எடுத்ததும் காத்து பாக்கணும். கூட அடிச்சிருந்தாங்கன்னா எந்த சஸ்பென்ஷனா இருந்தாலும் துள்ளத்தான் செய்யும்.

*கார்த்தி:* சரிங்க மாமா. டெலிவரி அன்னைக்குக் காலையில 9 மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேனுங்க.