மறு: மறு: ஏற்பி – ஜி புரதம்: ஒரு சொல் தேவை (திங்களன்று அச்சு)

நாகர்கோவில்:
மருந்தியல் பாடக்குறிப்பு திங்களன்று அச்சுக்குப் போகிறது. அட்ரினலின் ஒன்றுதான், ஆனால் அதை உணரும் செல்சவ்வுப் புரதங்களான ஏற்பிகளில், பீட்டா ஏற்பி ஜிஎஸ்ஸையும், ஆல்ஃபா-2 ஜிஐயையும், ஆல்ஃபா-1 ஜிகியூவையும் தூண்டுகின்றன (மூன்றும் சமிக்ஞையைச் செல்லுக்குள் கடத்தும் ஜி புரத வகைகள்). இப்படி ஏற்பி தனக்குரிய ஜி புரதத்தைத் தேர்ந்துகொள்ளும் பண்புக்கு (ஆங்கிலத்தில் ‘கப்ளிங் செலக்டிவிட்டி’) ஒற்றைச் சொல் வேண்டும். இப்போதைக்கு ‘தெரிவுப் பிணைப்பு’.

தக்கலை:
பிணைப்பு வேண்டாம் அண்ணாச்சி. சகப்பிணைப்பு, அயனிப்பிணைப்பு என்று பள்ளியிலேயே அது வேதியியலுக்குப் போய்விட்டது. மேலும், ஒட்டினால் மட்டும் போதாது. ஏற்பியின் ஆறாம் சுருள் வெளியே விலகி (பீட்டா-2, ஜிஎஸ் சேர்ந்த 2011 படிக அமைப்பில் 14 ஆங்ஸ்ட்ராம்) உட்பக்கம் குழி திறக்கும். ஜி புரதத்தின் ஆல்ஃபா அலகின் கடைசிச் சுருள் அதில் செருகும். அந்த அலகிலிருந்து குவானோசின் இருபாஸ்பேட் கழன்று முப்பாஸ்பேட் ஏறும்; அப்போதுதான் அது தூண்டப்படும். (இரண்டையும் சுருக்கினால் தமிழில் ‘ஜிடிபி’தான். குறிப்பில் விரித்தே எழுதுங்கள்.) வாசோபிரசின் வி2 ஏற்பியில் ஜி12 என்ற இன்னொரு வகை ஒட்டும், ஆனால் தூண்டப்படாது. அதுவும் பிணைப்புதானே?

மார்த்தாண்டம்:
‘இயைபு’ இருக்கிறதே! அடிகளின் ஈறு ஒத்து வருவது இயைபுத்தொடை. இங்கும் ஈறுதான் பேசுகிறது: ஜிகியூவின் வாலில் (அந்தக் கடைசிச் சுருளின் நுனியில்) மூன்று அமினோ அமிலங்களை ஜிஐக்கு உரியவையாக மாற்றியதும், ஜிஐயைத் தூண்டும் ஏற்பிகள் அதையும் தூண்டின (1993). தொல்காப்பிய அரங்கேற்றம் கேட்ட அதங்கோட்டாசான் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ‘கப்ளிங்’ என்று எழுதுவதா? தொல்காப்பியர் சொன்னபடி வடவெழுத்து ஒரீஇ (நீக்கி), ‘சி புரதம்’ என்றும் திருத்துங்கள்.

குளச்சல்:
ஐயா, ‘சி புரதம்’ என்பது இரத்தம் அளவுமீறி உறையாமல் காக்கும் வேறொரு புரதம். அதன் குறைபாட்டில் காலில் இரத்தக்கட்டி வரும். வார்டில் இரண்டும் குழம்பினால் இலக்கணமா காப்பாற்றும்? இயைபும் அரை உண்மை. வால் ஒத்தாலும் ஏற்பியின் இரண்டாம் உள்வளையம் ஒத்துழைக்க வேண்டும், குழியின் அகலமும் பொருந்த வேண்டும். ஜிஎஸ் வாலுக்குப் பொதுவாக அகலக் குழி. ஜிஐக்குக் குறுகியது போதும். என் பரிந்துரை ‘தேரிணைவு’. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

நாகர்கோவில்:
‘தேரிணைவு’ என்றால் பிள்ளைகள் சுசீந்திரம் தேரைத்தான் நினைக்கும். ‘தேர்ந்திணைவு’ என்று விரித்துவிடலாமா? ஒரே ஏற்பி பல குடும்பங்களைத் தூண்டினால் ‘பல்லிணைவு’. ஜிஎஸ், ஜிஐ, ஜிகியூ, ஜி12 என நான்கு குடும்பங்களுக்கும் அட்டவணையில் இது இடிக்காது.

தக்கலை:
சரி. அச்சுக்கு இது போதும்.

குளச்சல்:
எனக்கு ‘தேரிணைவு’தான் பிடிக்கும். ஆனாலும் சரி.

மார்த்தாண்டம்:
மூவர் ஒருபக்கம் என்றால் அச்சடியுங்கள். ஆனால் இணை என்றால் இரண்டு. தூண்டப்பட்ட ஓர் ஏற்பி ஒரு ஜி புரதத்தை முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகிறது. சமிக்ஞை பெருகுவதே அதனால்தான். கடைசிவரை கூட நிற்காததற்கு ‘இணைவு’ என்று பெயரா? இரண்டாம் பதிப்பில் ‘இயைபு’ அடைப்புக்குறிக்குள்ளாவது வரட்டும்.