எங்கள் வீடு குழு: கவினின் ரயில் பாதை

கவின்: பெரியப்பா, அலமாரியின் மேல்தட்டை என் மாதிரி ரயிலுக்கு எடுத்துக்கொள்ள அம்மா சம்மதித்துவிட்டார். நீளம் 150 செ.மீ., அகலம் 40 செ.மீ. என்னிடம் எச்.ஓ. (HO) என்ற மாதிரி ரயில் அளவில் ஒரு நான்கு சக்கர எஞ்சினும் எட்டுச் சிறிய வேகன்களும் இருக்கின்றன. வண்டி நிற்காமல் சுற்றி வரும்படி வட்டப் பாதை போட எத்தனை வளைவுத் தண்டவாளங்கள் வாங்க வேண்டும்?

பெரியப்பா: அந்த அகலத்தில் எச்.ஓ. வட்டம் அடங்காது, கவின். வழக்கமாக விற்கும் ஆயத்த வளைவுகளில் மிகச் சிறியவற்றுக்கே ஆரம் 36, 37 செ.மீ. இருக்கும். வண்டி சரிந்தால் கீழே விழாதபடி இருபுறமும் விளிம்பு விட்டால், 80 செ.மீ. அகலமாவது தேவைப்படும்.

செழியன் அண்ணன்: ‘N’ என்ற இன்னும் சிறிய அளவுக்கு மாறிக்கொள்ளலாமே, பெரியப்பா? அதில் தண்டவாள இடைவெளி 9 மி.மீ. மட்டும்தான், எச்.ஓ.வில் 16.5 மி.மீ.

பெரியப்பா: மாறலாம், ஆனால் அவனிடம் இருக்கும் எஞ்சினையும் வேகன்களையும் பெட்டியில் பூட்டிவைக்க வேண்டிவரும். அதைவிட, இருக்கும் இடத்துக்கு ஏற்ற பாதையைப் போடுவதே நல்லது. ஆலன் ரைட் வகுத்த இங்கிள்நூக் என்ற அமைப்பில் பாயின்ட்கள், அதாவது பாதை இரண்டாகப் பிரியும் துண்டுகள், இரண்டே இரண்டுதான் உண்டு. வேகன்கள் நிற்கும் பக்கப் பாதையான சைடிங் மூன்று; ஒன்றில் ஐந்து வேகன்களும், மற்ற இரண்டில் மும்மூன்றும் நிற்கும். எஞ்சின் முன்னும் பின்னும் போய்வரும் பாதையில் எஞ்சினும் மூன்று வேகன்களும் மட்டுமே அடங்கும். எட்டு வேகன்களில் ஐந்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அதே வரிசையில் வண்டியாகக் கோக்க வேண்டும். அப்படி 6,720 வரிசைகள் வரக்கூடும் என்பதால் இந்த ஆட்டம் எளிதில் அலுக்காது. சுற்றிச் சுற்றி ஓடும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, இப்படி வேகன்களை இழுத்தும் தள்ளியும் வரிசைப்படுத்தும் ஷண்டிங்கில்தான் ரயில்வேயின் உண்மையான வேலை புரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

கவின்: கொக்கியோடு சேர்த்து அளந்தேன், வேகன் 12 செ.மீ., எஞ்சினும் 12 செ.மீ. இது 150 செ.மீ.க்குள் அடங்குமா?

பெரியப்பா: அடங்கும், ஆனால் நெருக்கமாக. எஞ்சின் பாதைக்கு 48 செ.மீ., முதல் பாயின்டுக்கு ஏறத்தாழ 18.5 செ.மீ., ஐந்து வேகன்களுக்கு 60 செ.மீ. ஆக 126.5 செ.மீ. ஆகிறது. பக்கத்துப் பாதையில் நிற்கும் வேகனோடு உரசாமலிருக்கப் பாயின்டை அடுத்து விட வேண்டிய இடமும், கடைசித் தடுப்புக் கட்டைக்கான இடமும் மீதி 23.5 செ.மீ.யில் வர வேண்டும். ஆகவே எதையும் வாங்குமுன், மாதிரி ரயில் தண்டவாளம் செய்யும் பீக்கோ நிறுவனம் வெளியிடும் பாயின்ட் வரைபடத் தாள்களை முழு அளவில் அச்சிட்டு, அச்சு சுருங்கியிருக்கிறதா என்று அளவுகோலால் சரிபார்த்து, பலகையில் ஒட்டி, வேகன்களை அதன்மேல் நிறுத்திப் பார்.

செழியன் அண்ணன்: என் நண்பர் பழைய தண்டவாளங்களை ஒரு பெட்டி நிறையத் தருவதாகச் சொல்கிறார். கவினுக்கு வாங்கட்டுமா?

வாணி அத்தை: வாங்கப் போகும்போது ஒரு காந்தத்தை எடுத்துச் செல், செழியா. காந்தத்தில் ஒட்டினால் அது எஃகுத் தண்டவாளம். துருப்பிடிக்கும், மின்சாரம் விட்டுவிட்டு வரும். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த நிக்கல் சில்வர் தண்டவாளம் ஒட்டாது. ஒட்டாதவற்றை மட்டும் எடுத்துக்கொள்.

பெரியப்பா: அத்தை சொல்வது மிகச் சரி. தண்டவாளத்தின் உயரத்தையும் பார்க்க வேண்டும். அதைக் குறிக்கும் எண்ணைக் ‘கோடு’ (code) என்பார்கள். கோடு 100 என்றால் 2.54 மி.மீ.; கோடு 75 என்றால் சுமார் 1.9 மி.மீ. இரண்டையும் நேராக இணைத்தால் மூட்டில் படி விழுந்து, சக்கரம் ஏறி இறங்கும். கவினுக்குக் கோடு 100 போதும். பழைய எஞ்சின்களின் ஆழமான சக்கர விளிம்பும் அதில் தட்டாமல் ஓடும். நேர்த்துண்டுகளைப் பழையதாக வாங்கலாம். பாயின்ட்களை மட்டும் தயவுசெய்து புதிதாகவே வாங்குங்கள். பாதையை மாற்ற நகரும் நாக்கின் நுனி முழுமையாகப் பொருந்தாத பழைய பாயின்ட் ஒன்று போதும், வேகன்கள் அங்கேயே தடம்புரண்டுகொண்டிருக்கும்.

கவின்: பாயின்டில் இன்சுல்ஃப்ராக், எலக்ட்ரோஃப்ராக் என்று இரண்டு வகை இருக்கிறதே, எதை வாங்குவது?

பெரியப்பா: தண்டவாளங்கள் குறுக்கிடும் இடம் முதல் வகையில் பிளாஸ்டிக், அங்கே மின்சாரம் இல்லை. நீளமான எஞ்சின் அதைத் தாண்டிவிடும். மெதுவாகப் போகும் நான்கு சக்கர எஞ்சின் அதன்மேல் நின்றுபோகக்கூடும். ஷண்டிங் முழுவதும் மெதுவான வேலைதான் என்பதால் உனக்கு இரண்டாவது வகையே ஏற்றது. ஆனால் குறுக்கிடும் இடத்திலிருந்து புறப்படும் இரண்டு தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் ஃபிஷ்பிளேட் (தண்டவாளங்களை இணைக்கும் துண்டு) போட மறக்காதே. இல்லையென்றால் ஷார்ட் ஆகும்.

கவின்: சரி, பெரியப்பா. எத்தனை துண்டு வேண்டும்?

பெரியப்பா: பழைய பெட்டி தேறாவிட்டால், 914 மி.மீ. நீளமுள்ள வளையும் தண்டவாளம் நான்கு. அறுத்த முனையை அரத்தால் தேய்த்துப் பிசிறு நீக்கிய பிறகே மூட்டு. தாளை ஒட்டியதும் படம் எடுத்து இங்கே போடு. அதைப் பார்த்த பிறகு பாயின்ட்களுக்குச் சொல்லலாம்.