தினமும் நடந்தும் தொடை சூம்புவது ஏன்?

கேள்வி: கடலோரவாசி, தங்கச்சிமடம்

எங்கள் பக்கம் கடல் தொழிலை விட்ட 60 முதல் 75 வயதுக்காரர்கள் சிலர் காலை 5.30-க்கே கிளம்பி முக்கால் மணி நேரம் நடக்கிறார்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மூச்சு வாங்குவதும் குறைந்திருக்கிறது. ஆனாலும் தொடையும் கெண்டைக்காலும் சூம்பிக்கொண்டே வருகின்றன. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. "நடந்து நடந்தே சதை கரைஞ்சு போச்சு, நடையைக் குறைங்க" என்கிறார்கள் வீட்டில். நடை தசையைக் கரைக்குமா? வேறு என்ன சேர்க்க வேண்டும்? வீட்டுப் பொருளை வைத்தே செய்கிற மாதிரி சொல்லுங்கள்.

பதில் 1: இயன்முறை மருத்துவர், ராமநாதபுரம்

நடையைத் தயவுசெய்து குறைக்க வேண்டாம். சதையைக் கரைப்பது வயதுதான். நடையால் மட்டும் அதைத் தடுக்க முடியவில்லை என்பதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள்.

தசையில் மெதுவாக இயங்கி எளிதில் களைக்காத இழைகளும் உண்டு, சட்டென்று சுருங்கிப் பலம் கொடுக்கும் இழைகளும் உண்டு. வயதாகும்போது அதிகம் சூம்புவது இந்த இரண்டாம் வகை. சமதரையில் நிதானமாக நடக்கையில் இவற்றுக்குப் பெரிதாக வேலை இல்லை. தரையிலிருந்து எழ, படி ஏற, கால் தடுக்கினால் உடனே ஊன்றி நிற்க இவைதான் வேண்டும். மூச்சு நன்றாக இருந்தும் எழ முடியாமல் போவது இதனால்தான்.

அதற்காக நடை வீண் என்று ஆகாது. தசைக்குள் நுண் ரத்தக்குழாய்களும், சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் கூடுகின்றன, இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. சாப்பிடும் புரதம் தசையில் போய்ச் சேர இது உதவும்.

2017-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 65 வயதைக் கடந்த பருமனான 160 பேரில் உடற்பயிற்சிக் குழுவினருக்கு 6 மாதம் உணவைக் குறைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். நடை, சைக்கிள் போன்றவை மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான எடையில் 5% போனது. எடை தூக்கியவர்களுக்கு 2%, இரண்டும் செய்தவர்களுக்கு 3%. ஆனால் எழுவது, நடப்பது போன்ற செயல்திறன் இரண்டும் செய்தவர்களுக்கு 21% கூடியது, ஒன்றை மட்டும் செய்தவர்களுக்கு 14%தான். என் கணக்கில் இந்தச் செயல்திறன்தான் முக்கியம்.

முதலில் அளந்துகொள்ளுங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியில், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 5 முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். 6 மீட்டரை வழக்கமான வேகத்தில் நடக்க 6 விநாடிக்கு மேல் ஆனாலும் அப்படியே. கெண்டைக்கால் சுற்றளவு ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. காலில் நீர் கோத்திருந்தால் டேப் ஏமாற்றிவிடும்.

பயிற்சி வாரம் 2 நாள் போதும், இடையில் ஒரு நாளாவது விட்டு. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, 3 விநாடி எடுத்து மெதுவாக உட்கார்ந்து, எழும்போது மூச்சை விடுங்கள். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். 10 முறை ஒரு சுற்று, அப்படி 3 சுற்று. முடிவில் இன்னும் இரண்டு மூன்று முறைதான் முடியும் என்ற அளவுக்குக் களைக்க வேண்டும். 12 எளிதாக வந்துவிட்டால் 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள், அது 2 கிலோ. அப்புறம் 5 லிட்டர் கேன். சுமையைக் கூட்டாமல் ஒரே மாதிரி மாதக்கணக்கில் செய்து, பலன் இல்லை என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். இதோடு வாசற்படியில் ஏறி இறங்குவதும், சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவதும் சேர்க்கலாம். முட்டிகள் உள்பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். முயற்சி இல்லாமலே 6 மாதத்தில் எடை 5% இறங்கியிருந்தால், பயிற்சிக்கு முன்பே சர்க்கரை, தைராய்டு, காசநோய் எல்லாம் சோதித்தாக வேண்டும்.

பதில் 2: உணவியல் ஆலோசகர், தொண்டி

தட்டையும் பாருங்கள். காலையில் கஞ்சியும் துவையலும், மதியம் மீன், ராத்திரி இட்லி என்றால் புரதம் முழுக்க ஒரே வேளையில் விழுகிறது. முதிய தசைக்கு ஒரு வேளைக்கு 25 கிராம் அளவில் கிடைத்தால்தான் அது நன்றாக விழித்துக்கொள்ளும். மொத்தத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம். 60 கிலோக்காரருக்கு 60 முதல் 72 கிராம்.

100 கிராம் சாளை மீனிலோ பாறை மீனிலோ 18 முதல் 20 கிராம் இருக்கும், ஒரு முட்டையில் 6, ஒரு தம்ளர் பாலில் 6 அல்லது 7. 100 கிராம் சோற்றில் இரண்டரைதான். எனவே காலைக் கஞ்சியோடு 2 முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் வையுங்கள். கருவாட்டில் புரதம் உண்டு என்றாலும் உப்பு மிக அதிகம், அதை நம்ப வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

நோன்பு மாதத்தில் பயிற்சியை இஃப்தார் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளலாம். நோன்புக் கஞ்சியில் கறி தாராளமாக இருக்கட்டும், விடியலுக்கு முன் சாப்பிடும் சஹரில் முட்டை கட்டாயம்.

கடலோரவாசி: நன்றி ஐயா. நடையிலேயே பலத்தைக் கூட்ட வழி உண்டா? மணலில் நடந்தால் சரியா?

பதில் 3: இயன்முறை மருத்துவர், ராமநாதபுரம்

உண்டு. ஜப்பானின் மாட்சுமோட்டோவில் சோதித்த முறை: 3 நிமிடம் வேகம், 3 நிமிடம் நிதானம், இப்படி 5 சுற்று, வாரம் 4 நாள். வேகம் என்றால் விட்டுவிட்டுத்தான் பேச முடிய வேண்டும். 5 மாதத்தில் தொடை வலுவும் கூடியது. ஒரே நிதானத்தில் நடந்தவர்களுக்கு அந்த அளவு கூடவில்லை. உங்கள் முக்கால் மணி நேரத்துக்குள் இது அடங்கிவிடும்.

காய்ந்த மணலில் கால் புதைவதால் உழைப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். முதல் வாரம் 5 நிமிடம் போதும், இல்லாவிட்டால் குதிகால் தசைநார் வலிக்கும். ஈர மணல் கடல் பக்கம் சரிந்திருக்கும், ஒரு கால் எப்போதும் தாழ்வில் விழும். போன வழியிலேயே திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் சமமாகிவிடும். சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் செருப்பில்லாமல் இறங்கவே கூடாது, சிப்பி கிழித்தாலும் தெரியாது. கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் இந்த வேகநடையைத் தொடங்க வேண்டாம், சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம், சட்டைப் பையில் கற்கண்டு இருக்கட்டும்.