பி.காம் முடித்ததும் எம்.பி.ஏ. சேரலாமா, வேலைக்குப் போகலாமா?

ஈரோட்டுப் பையன்:
எம்.பி.ஏ. சேர்வதற்கான தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வான டான்செட் எழுதியிருக்கிறேன். திருப்பூர் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலையும் வந்திருக்கிறது. அப்பா எம்.பி.ஏ. சேரச் சொல்கிறார். படித்தால் சம்பளம் நிஜமாகவே ஏறுமா?

பனியன்காரன்:
தம்பி, நான் திருப்பூரில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர்களைக் கவனித்து முடித்துக் கொடுப்பவன். எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேரும் எம்.பி.ஏ.வுக்கும் பி.காமுக்கும் முதல் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அப்புறம்தான் தெரியும். பையர் (துணி வாங்குபவர்) வந்தால் காஸ்டிங் ஷீட்டோடு (அடக்க விலைக் கணக்கோடு) யாரை உட்கார வைப்பது என்று முதலாளி யோசிக்கும்போது எம்.பி.ஏ. பையன் பெயர்தான் முதலில் வரும். ஆனால் நூல் கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால், 200 கிராம் நூல் பிடிக்கும் டி-ஷர்ட்டுக்கு 2 ரூபாய் கூடும் என்று அங்கேயே சொல்ல வேண்டும். அது தொழிற்சாலையில் நின்றால்தான் வரும். ஒரு வருஷம் வேலை பார், பிறகு சேர். நேர்காணலில் பேச விஷயம் இருக்கும்.

கோவை வாசகி:
எந்தக் கல்லூரி என்பதும் முக்கியம். பேனரில் போடும் அதிகபட்சச் சம்பளத்தை நம்பாதீர்கள். பட்டியலில் நடுவில் இருப்பவருக்கு என்ன கிடைத்தது என்று சீனியர்களிடம் கேளுங்கள். எம்.பி.ஏ.வுக்குப் பதில் பி.ஜி.டி.எம். என்ற மேலாண்மை டிப்ளமா என்றால், தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஈரோட்டுப் பையன்:
சரி அண்ணா, வேலையில் சேர்ந்துகொண்டே நவம்பரில் ஐ.ஐ.எம். போன்ற கல்லூரிகளுக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதுகிறேன். அப்பாவிடம் நீங்கள் பேசுவீர்களா?