எங்கே போறே, தன்னந்தனியா?

*குடும்பக் குழு*

கயல்: சித்தப்பா, நிலாவுல ஓவியம் இருக்குன்னீங்களே, எவ்ளோ பெருசு?

முரளி சித்தப்பா: உன் கட்டைவிரல் நகம் அளவுதான். 19 மி.மீ.க்கு 13 மி.மீ. பீங்கான் சில்லு. ஆறு ஓவியர்கள், ஆளுக்கு ஒரு படம். 1969ல அப்பல்லோ 12 இறங்குகலத்தோட கால்ல ஒட்டி அனுப்பினதா சொல்றாங்க, நாசா உறுதி பண்ணல. ஆனா 1971ல அப்பல்லோ 15 வீரர்கள் வச்சிட்டு வந்த அலுமினியப் பொம்மை நிச்சயம் அங்க இருக்கு. 8.5 செ.மீ. அது பக்கத்துலயே, இறந்துபோன 14 விண்வெளி வீரர்கள் பேர் பொறிச்ச தகடு.

செல்வி அத்தை: 14 பேரும் அமெரிக்காக்காரங்களா?

முரளி சித்தப்பா: இல்லக்கா. ரஷ்ய வீரர் ககாரின் பேரும் இருக்கு. அவ்வளவு போட்டி நடந்த காலத்துல!

பாட்டி: படம் சரிடா. பாட்டு அனுப்பினா யாரு கேப்பா? அங்க காத்தே கிடையாதாமே

முரளி சித்தப்பா: ஒலியா போகலம்மா, இசைத்தட்டா போச்சு. 1977ல நாசா அனுப்பின வாயேஜர் விண்கலம் ரெண்டுலயும், வேற்றுக்கிரகத்துல யாராவது எடுத்தா கேக்கட்டும்னு. செம்புத் தட்டு, தங்க முலாம், 12 அங்குலம். நிமிஷத்துக்கு 16⅔ சுத்துதான், அதனால 90 நிமிஷப் பாட்டு அடங்குது. கூடவே ஊசியும் வச்சாங்க. எப்படிச் சுத்தணும்னு உறை மேல வரைஞ்சிருக்கு

கயல்: அவங்களுக்கு நிமிஷம்னா என்னன்னு தெரியுமா?

முரளி சித்தப்பா: சரியான கேள்வி! அதுக்குத்தான் ஹைட்ரஜன் அணுவுல நடக்கற ஒரு மாற்றத்தோட நேரத்தைக் கால அளவா வச்சாங்க. அது எங்கயும் ஒண்ணுதானே. எனக்கு அந்தத் தட்டுலயே பிடிச்சது இந்த யோசனைதான்

செல்வி அத்தை: அந்தத் தட்டுல இருக்கற 55 மொழி வணக்கப் பட்டியலைப் பார்த்தேன். தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் இருக்கு. தமிழ் இல்ல. மனசு ஆறல முரளி

முரளி சித்தப்பா: எனக்கும்தான்க்கா. பெரும்பாலும் கார்னெல் பல்கலைக்கழகத்துல கிடைச்சவங்களை வச்சுப் பதிவு பண்ணாங்க. நேரமும் கம்மி. ஆனா இந்தியப் பாட்டு ஒண்ணு இருக்கு. இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கர் பாடினது, பைரவி ராகம், மூன்றரை நிமிஷம். அம்மா, இதைக் கேளுங்க

🎵 ஒலிக்கோப்பு

பாட்டி: கேட்டேன். நம்ம சிந்துபைரவி. என்ன குரல்டா! அர்த்தம் என்ன?

முரளி சித்தப்பா: 'எங்கே போறே, தன்னந்தனியா'ன்னு ஒரு பொண்ணைக் கேக்கறது. வாயேஜர் 1 கிளம்பினது செப்டம்பர் 5. பாடின அந்த அம்மா காலமானது அதே செப்டம்பர் 16

பாட்டி: பதினோரு நாள்

பாட்டி: இப்ப எங்க இருக்கு அது?

முரளி சித்தப்பா: 2,400 கோடி கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். இன்னும் போயிட்டே இருக்கு

கயல்: நான் 19க்கு 13ல கட்டம் போட்டுட்டேன். பென்சில் முனையே பெருசா தெரியுது. என்ன வரையட்டும் பாட்டி?

பாட்டி: தம்புரா வரைடி கண்ணு. நாலு கம்பியும் தெரியணும்