கண்புரை அறுவையைப் பயிற்சி மருத்துவர்கள் எதில் பழகுகிறார்கள்?

வைகைக்கரையான் (கேள்வி):
என் அம்மாவுக்கு அடுத்த மாதம் கண்புரை அறுவை சிகிச்சை. மேற்படிப்பு மாணவர்களும் அறுவை செய்யும் மருத்துவமனை என்பதால், "பழகுவதற்கு என் கண்தானா கிடைத்தது?" என்று கேட்கிறார். அவர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கண் மருத்துவர்:
நண்பரே, நாங்கள் முதலில் பழகியது ஆட்டுக் கண்ணில். கறிக்கடையிலிருந்து வாங்கிவந்த கண்ணை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, வெட்டவும் தைக்கவும் கைபழகினோம். ஆனால் ஆட்டின் லென்ஸ் உறை முதியவர்களின் உறையைவிடத் தடித்தது, இழுத்தால் நீள்வது. ஆகவே அந்த உறையில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு வட்டமாக உரித்தெடுப்பதை (மிகக் கடினமான படி இதுவே என்பேன்) தக்காளித் தோலிலும் பழகினோம். 1967இல் சார்லஸ் கெல்மன் அறிமுகப்படுத்திய பேக்கோ முறையில் (புரை படிந்த லென்ஸை மீயொலி அதிர்வால் உடைத்து உறிஞ்சியெடுக்கும் முறை) இரு கைகளும் கண்ணுக்குள் வெவ்வேறு வேலை பார்க்கும்போதே, ஒரு கால் நுண்ணோக்கியின் பெடலையும் மறு கால் பேக்கோ இயந்திரத்தின் பெடலையும் மிதிக்க வேண்டும். இதைப் பழக இப்போது கணினிப் பயிற்சிக் கருவிகள் உள்ளன. அவற்றில் எத்தனை முறை தவறினாலும் எவர் கண்ணுக்கும் கேடில்லை.

நோயாளியின் கண்ணில் முதல் நாளே முழு அறுவையையும் செய்ய விடுவதில்லை. பல இடங்களில் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்பிக்கிறார்கள்: மூத்தவர் புரையை அகற்றிய பின் செயற்கை லென்ஸைப் பொருத்துவது மட்டும் மாணவருக்கு; அது கைவந்த பிறகே அதற்கு முந்தைய படி. லென்ஸ் உறையின் பின்பக்கம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடத் தடிமனில்லாதது. அது கிழிந்தால் கண்ணின் உட்கூழ் முன்னே வந்துவிடும் என்பதால், மாணவரின் கை தடுமாறுவதைக் கண்டதுமே மூத்தவர் இருக்கையை வாங்கிக்கொள்வார்.

அறுவை அரங்கச் செவிலியர்:
ஒன்றைச் சேர்க்கிறேன். மரத்துப்போக மட்டுமே மருந்து கொடுப்பதால் பெரும்பாலும் நோயாளி விழித்திருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். ஆகவே நான் பார்த்த ஆசிரியர்கள் மேசையருகே மாணவரை அதட்டியதில்லை. தோளில் ஒரு தட்டு, அவ்வளவுதான், மாணவர் எழுந்துவிடுவார். திட்டு உண்டு, வெளியே வந்த பிறகு!

வைகைக்கரையான்:
இருவருக்கும் நன்றி. அம்மாவுக்கு மறு கண்ணில் சிறுவயது முதலே பார்வை இல்லை. அதனால் ஏதேனும் வேறுபாடு உண்டா?

கண் மருத்துவர்:
நிச்சயமாக உண்டு, இதை இப்போதே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். பார்வையுள்ள ஒரே கண், முற்றிக் கறுத்த புரை, மருந்திட்டும் விரியாத பாவை ஆகியவற்றைத் தொடக்க நிலையினருக்கு நாங்கள் ஒதுக்குவதில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன், அறுவை செய்பவர் யார் என்று அம்மாவே கேட்கலாம். அதில் தயங்க ஒன்றுமில்லை.